கண்ணுக்குள் பெருகும் அழுத்தம்: கிளாக்கோமா வியாதியும் பார்வைப் பாதுகாப்பும்

(செஞ்சியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் வாசகம்)

 

விதை, உரம், கடன், வட்டி முதலிய விஷயங்களை யோசிப்பதற்காகக் கூடும் இச்சபையில் கண் வியாதியைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அடகு வைத்த நிலத்தை மீட்கலாம். மழை பொய்த்த வருஷத்தின் நஷ்டத்தை மறு வருஷம் ஈடு செய்யலாம். ஆனால் நான் சொல்லப்போகும் வியாதியினால் போன பார்வை திரும்பி வருவதில்லை. ஒரு குடும்பத்தில் உழைத்துச் சம்பாதிப்பவர் பார்வை இழப்பாரானால், அவர் வேலை நிற்பதோடு, அவரைக் கைப்பிடித்து நடத்துபவருடைய வேலையும் நிற்கும். முடிவில் அது நம் சங்கத்துப் பேரேட்டிலே தவணை தவறிய கடனாக வந்து சேரும். ஆகையால் இது சங்கம் கவனிக்கவேண்டிய விஷயமேயாகும்.

இவ்வியாதிக்கு வைத்தியர்கள் இட்ட பெயர் கிளாக்கோமா. தமிழில் கண் நீரழுத்த நோய் என்று வழங்குகின்றனர். அது யாது, எவ்வாறு வருகிறது, அதைத் தடுக்க நாம் செய்யத்தக்கது என்ன என்பவற்றை முறையே கூறுகிறேன்.

கண்ணுக்குள் நீர் ஓடும் விதம்

நம் தாலுகாவில் ஏரிப் பாசனம் அறியாதவர் இல்லை. வரத்துக்கால் வழியே ஏரிக்கு நீர் வருகிறது. மிகுந்த நீர் கலங்கல் வழியே வெளியேறுகிறது. வரத்தும் போக்கும் சரியாக இருக்கும்வரை கரைக்கு ஆபத்தில்லை. கலங்கலில் செடியும் சேறும் அடைத்துக்கொண்டால், வரும் நீர் போக வழியின்றிக் கரையின்மேல் அழுத்துகிறது. கரையில் எவ்விடம் பலவீனமாக இருக்கிறதோ அவ்விடம் முதலில் கெடுகிறது.

கண்ணின் ஏற்பாடும் இதைப் போன்றதே. கண்ணின் முன்பாகத்தில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. இது அழும்போது வெளியே வழியும் கண்ணீர் அன்று. கண்ணுக்கு உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிந்து ரத்தக் குழாய்களில் சேர்வது. கறுப்பு விழியும் வெள்ளை விழியும் சேரும் மூலையில் சல்லடை போன்ற மெல்லிய வடிகால் ஒன்று உண்டு. அந்தச் சல்லடை வயதினாலோ வேறு காரணத்தினாலோ தூர்ந்துபோனால் நீர் தேங்கி, கண்ணுக்குள் அழுத்தம் மிகுகிறது. பெரும்பாலோருக்கு இவ்வழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

கண்ணிலே பலவீனமான இடம் எது? கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு புறப்படும் இடமே அது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய இழைகள் சேர்ந்த வடம் அந்நரம்பு. அழுத்தத்தினால் அவ்விழைகள் சிறுகச் சிறுகச் சாகின்றன. செத்த இழை மறுபடி துளிர்ப்பதில்லை. சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. வேறு சிலருக்கு அழுத்தம் சற்று மிகுந்தும் நரம்பு கெடாதிருப்பதுண்டு. ஆகையால் அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டுச் சும்மா இருத்தல் போதாது. நரம்பையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

நோயாளி அறியாமல் கெடும் பார்வை

இவ்வியாதி பெரும்பாலும் ஓரப் பார்வையிலிருந்து கெடுக்கத் தொடங்குகிறது. நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாயிருக்கும். ஒரு கண்ணில் குறைந்ததை மற்றொரு கண் ஈடு செய்துவிடும். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதலும் இல்லை. நோயாளி தம் ரசீதைப் படிப்பார். ஊசியில் நூல் கோப்பார். தமக்கு ஒரு குறையும் இல்லையென்று சத்தியம் செய்வார்.

நம் ஊர்ச் சரித்திரமே இதற்கு உதாரணமாகும். 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளகர்த்தன் சுல்பிகர்கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். ராஜகிரியின் உச்சியில் நின்றவனுக்குத் தன் கோட்டை தன் வசமே இருப்பதாகத் தோன்றியிருக்கும். சுற்றுப்புறமோ பிறர் வசமாயிருந்தது. கிளாக்கோமா உள்ளவருடைய பார்வையும் அத்தகையதே. நடுவில் தெளிவு இருக்கும். சுற்றிலும் இருந்தது போயிருக்கும். நடுவும் மங்கத் தொடங்கியபின் அவர் வைத்தியரிடம் வரும்போது நரம்பின் பெரும்பகுதி செத்திருக்கும்.

சில குறிகளைக் கவனிக்கலாம். பக்கத்தில் வரும் சைக்கிளோ மாடோ கண்ணில் படாமல் மோதிக்கொள்வது, வாசற்படியில் அடிக்கடி இடறுவது, கதவு நிலையில் தோள் இடிப்பது, அந்தி வேளையில் வரப்பின்மேல் நடக்கத் தடுமாறுவது முதலியன அவை. இவற்றை வயதின் தளர்ச்சி என்று தள்ளிவிடலாகாது. ஆயினும் இக்குறிகள் தோன்றுமுன்னரே நோய் வெகுதூரம் முற்றியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

நோயின் வகைகள்

முதல் வகை, வடிகால் வாய் திறந்திருந்தும் உள்ளே தூர்ந்து மெதுவாகக் கெடுப்பது. மேலே சொன்னவை பெரும்பாலும் இவ்வகைக்கே பொருந்தும்.

இரண்டாவது வகை, வடிகாலின் வாயே குறுகி அடைபடுவது. இதுவும் சிலருக்கு மெதுவாக வரும். சிலருக்குத் திடீரென்று வரும். திடீரென்று வரும்போது கண்ணில் பொறுக்க முடியாத வலி, அப்பக்கத்துத் தலைவலி, வாந்தி, கண் சிவத்தல், பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தோன்றுதல் ஆகியவை உண்டாகும். வாந்தியும் தலைவலியும் சேர்ந்து வருவதால் இதைப் பித்தம் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவதுண்டு. அது பெரும் பிழை. சில மணி நேரமே பார்வையை அழித்துவிடப் போதுமானது. நள்ளிரவாயினும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது என்பதை வீட்டார் நினைவில் வைக்கவேண்டும். தங்கள் வலியைச் சொல்லாமல் அடுப்படியில் நின்றுகொண்டே பொறுத்துக்கொள்பவர்களும் அவர்களே அல்லவா?

மூன்றாவது, வேறொரு காரணத்தைப் பற்றி வருவது. கதிர் அறுக்கையிலும் முள் வெட்டுகையிலும் கண்ணில் பட்ட காயம் ஆறியபின், சில வருஷம் கழித்துங்கூட அழுத்தம் மிகுவதுண்டு. கண்புரையை அளவுக்கு மீறி முற்றவிட்டால் அதுவே ஊதி அல்லது கசிந்து அழுத்தத்தை உண்டாக்கும். கண் அரிப்புக்கென்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டுக்கொள்வதாலும் இந்நோய் வருகிறது. இக்கடைசிக் காரணம் முற்றிலும் நம் கையிலேயே இருக்கிறது.

கண்புரையும் இதுவும் வெவ்வேறு

நம்மவர் பலர் கண்புரையை அறிவர். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்குவது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்புகிறது. அதனால், "பார்வை நன்றாக மங்கட்டும், பிறகு ஒரே ஆபரேஷனில் சரி செய்துகொள்ளலாம்" என்று காத்திருக்கும் வழக்கம் உண்டாயிற்று. கிளாக்கோமாவுக்கு இந்த யோசனை விஷமாகும். இங்கே கெடுவது மாற்றத்தக்க வில்லை அன்று, நரம்பு. சிகிச்சை எவ்வளவு சிறந்ததாயினும் மிஞ்சியிருக்கும் பார்வையைக் காக்குமேயன்றிப் போனதைக் கொடாது. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழி இவ்வியாதிக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

நம் நாட்டில் எத்தனை பேருக்கு?

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனையார் பரிசோதித்து, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 100க்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. முதல் வகை நோய் கண்டவர்களில் ஐவரில் ஒருவர் ஒரு கண்ணையோ இரு கண்களையோ அதற்குள்ளாகவே இழந்திருந்தனர்.

சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்தவர்கள் சென்னையைச் சூழ்ந்த ஜில்லாக்களின் கிராமங்களில் நடத்திய ஆராய்ச்சி 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதில் முதல் வகை நோய் கண்டவர் 64 பேர். தமக்கு நோய் உண்டென்று முன்பே அறிந்திருந்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர். மற்ற 63 பேரும் தினந்தோறும் பார்வையை இழந்துகொண்டே, ஒன்றும் அறியாமல் வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டிருந்தனர்.

இந்தியா முழுவதிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 1 கோடியே 12 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாமென 2010ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். இவ்வளவு பெரிய தொகை மனத்தில் நிற்பதில்லை. ஆகையால் நம் சங்கத்தின் அளவில் எண்ணிப் பாருங்கள். 40 வயது கடந்த அங்கத்தினர் 1,000 பேர் இருந்தால், முதலிற் சொன்ன விகிதப்படி அவர்களில் 26 பேருக்கு நோய் இருக்கும்; அறிந்தவர் இரண்டொருவரே இருப்பர். இப்பொழுது என் எதிரில் அமர்ந்திருப்பவர்களிலேயே அத்தகையவர் இருக்கலாம்.

யார் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

40 வயது கடந்த எல்லோரும் கவனிக்க வேண்டும். தாய், தந்தை, உடன்பிறந்தார் இவர்களில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் அபாயம் பன்மடங்கு அதிகம். நீரிழிவு உள்ளவர்கள், மிகுந்த கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உபயோகிப்பவர்கள், கண்ணில் காயம் பட்டவர்கள் ஆகியோரும் அவ்வாறே. வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தவுடன் மற்றவர்களையும் அழைத்துச் சென்று காட்ட வேண்டும். அதை மறைப்பதில் லாபம் ஒன்றுமில்லை. இது தொற்று வியாதியும் அன்று.

சென்னையிலிருந்து பரவிய ஒரு சிகிச்சை

இவ்வியாதியின் சிகிச்சை வரலாற்றில் நம் ராஜதானிக்கு ஒரு சிறந்த இடம் உண்டு. சென்னை எழும்பூரில் உள்ள அரசினர் கண் ஆஸ்பத்திரி 1819ஆம் ஆண்டில் தோன்றியது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைமை வைத்தியராயிருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். அவர் 1909ஆம் ஆண்டில், கறுப்பு விழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் சிறு வட்டத் துளை ஒன்று இட்டு, தேங்கிய நீர் மேற்படலத்தின் கீழே வடிந்துபோகும்படி செய்தார். நம் பாஷையிற் சொன்னால், தூர்ந்த கலங்கலுக்குப் பதிலாகப் புதிய கலங்கல் கட்டினார். அம்முறை சென்னையிலிருந்து மற்ற தேசங்களுக்கும் பரவிற்று. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் என்பவர் அத்துளைக்கு ஒரு மெல்லிய மூடி வைத்து, நீர் அளவோடு வடியும்படி திருத்தினார். இன்று செய்யப்படும் ரண சிகிச்சை அவ்வழியில் வந்ததே.

எலியட் மற்றொரு காரியமும் செய்தார். ஊர் ஊராகத் திரிந்து ஊசியால் புரையைக் கண்ணுக்குள் தள்ளிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகும் வைத்தியர்களால் கெட்ட கண்களை ஆராய்ந்து 1918ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். இக்காலத்தில் ஊசிக்காரர் இல்லை. ஆனால் கண்ணில் இலைச்சாறும் தேனும் தாய்ப்பாலும் விடச் சொல்பவர்கள் இருக்கின்றனர். அவற்றால் கண்ணின் அழுத்தம் குறைவதில்லை. புண் வந்து பார்வை போனவர் உண்டு.

பரீட்சை செய்யும் விதம்

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி கொடுப்பது மட்டும் கண் பரீட்சை ஆகாது. நேர்ப் பார்வை நன்றாயிருப்பதால் கிளாக்கோமா உள்ளவரும் கடைசி வரியைப் படித்துவிடுவார். பூரணமான பரீட்சையில் நான்கு காரியங்கள் உண்டு: கண் அழுத்தத்தை அளப்பது, கண்ணின் பின்புறத்து நரம்பைப் பார்ப்பது, வடிகாலின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, சந்தேகம் இருந்தால் ஓரப் பார்வையைக் கருவியால் சோதிப்பது. இவற்றில் ஒன்றும் வலி தருவதன்று. நீங்கள் போகும்போது, "என் நரம்பைப் பார்த்தீர்களா?" என்று வைத்தியரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

40 வயதானபின் ஒரு முறை பூரணமாகக் காட்டிக்கொண்டு, பின்னர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ வைத்தியர் சொல்லும் காலத்திலோ காட்டுதல் நலம். குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் 40 வயதுக்குக் காத்திராமல் முன்னதாகவே காட்டி, வருஷந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியினருக்கு விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், 2003ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பும் தூரத்தில் இருக்கின்றன.

சொட்டு மருந்தும் பொறுமையும்

நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தே முதற் சிகிச்சை. சில மருந்துகள் நீர் ஊறுவதைக் குறைக்கும். சில நீர் வடிவதை அதிகமாக்கும். வடிகால் வாய் குறுகியவர்களுக்கு லேசர் ஒளியால் ஒரு சிறு துவாரம் இடுவர். சில நிமிஷங்களில் முடியும் காரியம் அது. இவற்றால் அடங்காவிடில் ரண சிகிச்சை.

இங்கேதான் பெரும் கஷ்டம் இருக்கிறது. ஒரு குடியானவருக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் விடுகிறார். பார்வை கூடவில்லை. இரண்டாம் மாதமும் கூடவில்லை. கையில் பணம் இல்லாத மூன்றாம் மாதம், "பிரயோஜனமில்லாத மருந்துக்கு எதற்குச் செலவு?" என்று நிறுத்திவிடுகிறார். நிறுத்தியபின்னும் ஒன்றும் தெரியவில்லை. தாம் செய்தது சரியே என்று நினைக்கிறார். ஆனால் உள்ளே இழைகள் செத்துக்கொண்டிருக்கின்றன. இம்மருந்து பார்வையைக் கூட்டுவதற்கன்று, குறையாமல் காப்பதற்கு. ஏரிக்கரையைப் பலப்படுத்துவதால் தண்ணீர் அதிகமாவதில்லை. அதற்காகக் கரையைக் கவனியாமல் விடுவாருண்டோ?

மருந்து விடும் விதத்தையும் சொல்கிறேன். கையைக் கழுவிக்கொள்க. தலையைச் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரு சொட்டு மட்டும் விடுக. குப்பியின் முனை கண்ணில் படலாகாது. உடனே கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்க. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிஷமாவது இடைவெளி விடுக. திறந்த குப்பியை எத்தனை நாள் உபயோகிக்கலாம், எங்கே வைப்பது என்று கேட்டறிக. ஆஸ்துமாவோ இருதய வியாதியோ உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டைமோலால் போன்ற மருந்து அவர்களுக்குக் கெடுதல் செய்யக்கூடும். கை நடுங்கும் முதியவர்களுக்கு வீட்டிலுள்ள இளைஞர் விடுவாராக.

சங்கம் செய்யக்கூடியவை

1904ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய நாள்முதல், தனியே இயலாததைக் கூடிச் செய்வதே நம் இயக்கத்தின் கொள்கையாயிருந்து வருகிறது. அக்கொள்கையைக் கண்ணுக்கும் பிரயோகிக்கலாம். என் யோசனைகள் வருமாறு:

1. அங்கத்தினர் பதிவேட்டைக் கொண்டு 40 வயது கடந்தவர்களின் ஜாபிதா ஒன்று தயாரிக்கலாம். அவர்களுடைய மனைவியரையும் கணவரையும் விடாமல் சேர்க்க வேண்டும்.

2. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் வேலை குறைந்த நாளைத் தெரிந்தெடுத்து, 20, 30 பேராகச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். முகாம் நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கு எழுதி, நரம்பையும் அழுத்தத்தையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

3. கண்ணில் மருந்து விட்டால் பாவை விரிந்து சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகையால் துணைக்கு ஒருவர் போவதையும் சங்கமே ஏற்பாடு செய்யலாம்.

4. நோய் கண்டவர்களுக்கு மருந்து தொடர்ந்து கிடைக்கும்படி பார்க்கலாம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அவற்றில் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. வைத்தியர் எழுதிய மருந்து அங்கே குறைந்த விலையில் கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.

5. மாதந்தோறும் தவணையை நினைவூட்டும் நம் குமாஸ்தா, மருந்து வாங்கும் நாளையும் நினைவூட்டினால் என்ன? அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சகோதர சகோதரிகளே! இவ்வியாதி வராமலே தடுக்க இன்று வழியில்லை. ஆனால் காலத்தில் கண்டுபிடித்து, மருந்தை விடாமல் உபயோகித்தால், பெரும்பாலோர் ஆயுள் உள்ளவரை பார்வையோடு வாழலாம். இக்கூட்டம் கலைவதற்கு முன், ஜாபிதா எழுத ஒருவரையும் பஸ் ஏற்பாட்டுக்கு இருவரையும் நியமித்துத் தீர்மானம் செய்யுமாறு அக்கிராசனாதிபதி அவர்களைக் கேட்டுக்கொண்டு என் பிரசங்கத்தை முடிக்கிறேன்.